கரண்ட் போன நேரத்துப் பாட்டுகள்

எங்கள் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இசைத்தட்டுகள் இருக்கின்றன என்று சொன்னால், ஏதோ பெரிய சங்கீதக் குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிப் பிழைத்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் தறி ஓட்டினார். நான் தார் சுற்றினேன்; தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாக் கட்டைக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றித் தருகிற வேலை. வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு மனிதர் பாட்டுக்கு ஆசைப்பட்டு ரெக்கார்டு ரெக்கார்டாக வாங்கிச் சேர்த்தார் என்றால் அவரை என்ன சொல்வது? கல்யாணமான புதிதில் நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை.

அவர் பாட்டுக் கேட்டதெல்லாம் கரண்ட் போன நேரத்தில். சிறிய பெட்டி மாதிரி ஒரு ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்தார். அது பேட்டரிக்கட்டையில் ஓடும். திடீரென்று கரண்ட் போகும். அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் நிற்கும். காதுக்குள் ஒரு வண்டு மட்டும் பறந்துகொண்டிருக்கும். அவர் மூலையில் இருக்கிற பெட்டியைத் திறந்து தட்டை வைத்து ஊசியை இறக்குவார். தறி ஓட்டுகிறவர்கள் அவரவர் இடத்திலேயே குத்தவைத்துக் கேட்பார்கள். அறிவித்துவிட்டு நாள் முழுக்கக் கரண்டை நிறுத்தினால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொல்லாமல் போகிற கரண்ட்தான் பாட்டுக்கு உரியது. எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும் என்பதால் யாரும் நகர முடியாது.

பட்டறையின் நடுவில் ஒரு குண்டு பல்பு. அதன் சுவிட்சை அணைக்கவே மாட்டார்கள். அது எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். பாட்டு பாதி வார்த்தையில் இருந்தாலும் சரி, அந்த நொடியில் ஊசியைத் தூக்கிவிடுவார். நெய்த துணிக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி அல்லவா, யாரும் ஒரு நிமிஷம் விட மாட்டார்கள். அடுத்த முறை கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து வைப்பாரா என்றால் அதுவும் கிடையாது. பகலிலும் பட்டறைக்குள் அரை இருட்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற கோடு கண்ணுக்குத் தெரியாது. நடுவில் வைத்தால் கீறல் விழும் என்று ஒரு பயம் அவருக்கு. அதனால் எப்போதும் விளிம்பிலிருந்துதான் வைப்பார்.

ஆக, எந்த ரெக்கார்டாக இருந்தாலும் முதல் பாட்டு எங்கள் பட்டறையில் அத்தனை பேருக்கும் மனப்பாடம். இரண்டாவது பாட்டு பாதி தெரியும். மூன்றாவது, நான்காவது என்று பாட்டுகள் இருப்பது அட்டையைப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். லீவு நாளில் முழுசாகப் போட்டுக் கேட்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். லீவு நாளில் காதும் தூங்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு டேப் வந்தது, சிடி வந்தது. பெட்டி ரிப்பேர் ஆனது. தட்டுகள் அலமாரிக்குப் போயின. தறிகளையும் விற்றாகிவிட்டது. பட்டறையை ஒரு துணி வியாபாரி குடோனாக எடுத்திருக்கிறார்.

தறி போனது, ஆனால் போகும்போது அவருடைய காதையும் கொண்டுபோய்விட்டது. ஆரம்பத்தில் டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு குக்கர் விசில் கேட்கவில்லை என்றார். நான் பேசினால் முகத்தைப் பார்த்தால்தான் புரியும். செவிடன் காதில் ஊதின சங்கு என்று முதுகுக்குப் பின்னால் முனகுவேன். கேட்காது என்கிற தைரியம்தான். ஈரோட்டில் காது டாக்டர் ஒரு பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார். கோடு ஒரு பக்கம் சமமாக வந்து, மறுபக்கம் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. கனமான சத்தம் இன்னும் கேட்கும், கீச்சுச் சத்தமெல்லாம் போய்விட்டது, மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார். காதில் மாட்டிக்கொள்ள மிஷின் தந்தார்கள். அது பெரும்பாலும் சட்டைப் பையில்தான் இருக்கும்.

இந்த நிலையில்தான் எங்கள் மகள் ஓசூரிலிருந்து வந்திருந்தபோது அலமாரியைத் திறந்துவிட்டாள். அட்டைகளில் பூஞ்சை. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம், போனில் போட்டால் அப்பாவின் காது மிஷினுக்குள்ளேயே பாட்டு நேராகக் கேட்கும், தட்டுகளை யாராவது சேகரிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவரோ வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்பதுதான் எப்போதும் அவர் கட்சி என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

மகள் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் காபி கொடுக்கும்போது அவரே சொன்னார்.

"போட்டுக் கேட்டு, காதுல உழுகலைன்னா என்ன புள்ள பண்றது? இப்ப மனசுக்குள்ளயாச்சும் ஓடுது."

இத்தனை நாள் பிடிவாதம் என்று நினைத்தது பிடிவாதம் இல்லை, பயம். பாட்டைப் போடாமல் இருக்கிற வரைக்கும் அது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. போட்டுப் பார்த்துக் கேட்காமல் போனால், போனது போனதுதான். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் எனக்கு இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது. டாக்டர் இன்னும் குறையும் என்றாரே. இப்போது கேட்காவிட்டால் பிறகு எப்போது? காது முழுதாகப் போன பிறகு, அன்றைக்கே போட்டிருக்கலாமே என்று இந்த மனிதர் ஏங்கி உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க மாட்டேன்.

சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலை ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில், கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் பழைய ரெக்கார்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறார் என்று மகள் விசாரித்து வைத்திருந்தாள். ஒரே ஒரு ரெக்கார்டை மட்டும் கொண்டுபோய்ப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வந்துவிடலாம் என்று அவரிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். எந்த ரெக்கார்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆற்றங்கரையில் ஒருத்தி காத்திருக்கிற பாட்டு முதலில் வருகிற அந்த ரெக்கார்டுதான். பட்டறையில் அதிகம் ஓடியது அதுதான். பஸ்ஸில் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்து, பழைய லுங்கியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெயில் பட்டால் தட்டு அப்பளமாக நெளிந்துவிடுமாம். கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

வீடியோக்காரருடைய அறை மாடியில். ஜன்னல் முழுக்க மலை. அவர் தட்டைத் தண்ணீர் விட்டு மெல்லிய துணியால் துடைத்துக் காய வைத்துவிட்டு ஊசியை இறக்கினார். இருபக்கமும் பெரிய ஸ்பீக்கர். எதிரே கம்ப்யூட்டரில் சத்தம் கோடு கோடாக ஓட ஆரம்பித்தது.

பாட்டா அது? வாணலியில் கடுகு பொரிகிற சத்தம். அதற்குள்ளே எங்கேயோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். நாடா ஓடி ஓடித் தறியில் கட்டை தேய்கிற மாதிரி அந்தப் பாட்டைத் தேய்த்துத் தீர்த்திருந்தோம். போச்சு, இந்த மனிதரைச் சம்மதிக்க வைத்துக் கூட்டி வந்து இதையா காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார். கட்டைவிரல் தொடையில் தாளம் போட்டது. முகம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை போதாது. கல்யாணத்தன்றுகூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"ஊசி புதுசுங்களா? இத்தன தெளிவா நான் கேட்டதே இல்லீங்க" என்றார் வீடியோக்காரரிடம்.

வீடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருக்கும்படி கண்ணைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. டாக்டர் காட்டிய பேப்பரில் கிணற்றுக்குள் இறங்கியது எது? கீச்சுச் சத்தம். இங்கே பொரிகிற கடுகு எது? அதே கீச்சுச் சத்தம். தறி அவர் காதிலிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டதோ, அதுதான் இந்தத் தட்டைக் கெடுத்திருக்கிற சத்தம். எனக்குக் கேட்கிற இரைச்சல் அவருக்குக் கேட்காது. மிச்சமிருக்கிற பாட்டு மட்டும், அன்றைக்குப் பட்டறையில் கேட்ட மாதிரியே போய்ச் சேருகிறது. கேட்காத இடங்களை மனப்பாடம் நிரப்பிக்கொள்கிறது. நல்ல காது இருக்கிற எனக்குக் கெட்டுப்போன பாட்டு; கெட்டுப்போன காது இருக்கிற அவருக்கு நல்ல பாட்டு. கோயிலில் தீபாராதனை காட்டும்போது கையெடுத்துக் கும்பிடத் தோன்றுமே, அப்படித் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

இரைச்சலை எடுத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கலாமா என்று வீடியோக்காரர் கேட்டு, ஊசியைத் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் ஏறிய வரைக்கும் கொஞ்ச இடத்தைச் சுத்தம் செய்து போட்டார். கடுகு பொரிகிற சத்தம் போனது. எனக்கு நன்றாக இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் நெற்றியைச் சுருக்கி, பாடுகிறவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். இரைச்சலை எடுக்கும்போது குரலின் நுனியும் கொஞ்சம் போய்விடும் என்று வீடியோக்காரரே சொன்னார். அங்கேயே நான் முடிவு செய்துவிட்டேன். ஏற்றுவதாக இருந்தால் இருக்கிறபடியே ஏற்ற வேண்டும், சுத்தம் கித்தம் எதுவும் கூடாது.

வீடியோக்காரர் மறுபடி விளிம்பிலிருந்து ஊசியை இறக்கினார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டின் பாதியில், கத்தரித்த மாதிரி இரைச்சல் நின்றது. கம்ப்யூட்டரில் பார்த்தாலே தெரிந்தது. அதுவரை கோட்டின் மேலும் கீழும் பிசிர் பிசிராக இருந்தது, அதற்குப் பிறகு இஸ்திரி போட்ட கரை மாதிரி சுத்தமாக ஓடியது.

"இதுக்கு அப்புறம் யாரும் கேட்டதே இல்லைங்களா? கடையில வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்குது" என்றார் வீடியோக்காரர்.

அந்த எல்லையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும்தான் எங்களுக்குக் கரண்ட் போயிருக்கிறது. நாங்கள் சும்மா உட்கார்ந்த நேரம் மொத்தமும் அந்தத் தட்டின் ஓரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு மயிரிழை உள்ளே, நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த காலம் முழுவதும் ஒரு கீறல்கூட இல்லாமல் பாட்டு காத்திருந்திருக்கிறது. பிறகு மூன்றாவது பாட்டு வந்தது. மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றைப் பற்றிய பாட்டு. ஒரு புல்லாங்குழல், ஒரு தபேலா. பாடுகிறவர் அடி தொடங்கும் முன்பு மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. எங்கள் வீட்டு அலமாரியிலேயே இப்படி ஒன்று இத்தனை வருஷம் இருந்ததா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"நின்னு போச்சுங்களா?" என்றார்.

பாட்டு அறை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. இல்லை, ஓடுகிறது என்று நான் தலையை ஆட்டினேன். அவர் எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்தார். தபேலா கையில் தட்டியிருக்கும். பிறகு வந்து உட்கார்ந்துகொண்டார். எது நடந்துவிடக் கூடாது என்று பயந்தாரோ அதுவும் அங்கேயே, அந்த ஒரே தட்டிலேயே நடந்துவிட்டது. மனப்பாடம் இருந்த பாட்டு கேட்டது. மனப்பாடம் இல்லாத பாட்டில் கேட்காத இடங்களை நிரப்ப அவரிடம் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார், மண்டைக்குள் ஏற்கனவே இருக்கிறதுதான் கேட்கிறது, புதிதாக ஒன்றும் இனி உள்ளே வராது, அப்புறம் எதற்கு இந்த வேலை, தட்டுகளை யாருக்காவது கொடுத்துவிடு என்று. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அமைதியாகச் சொன்னார். குமாரபாளையம் வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

ஆனால் மாதிரிக்கு ஏற்றிய பாட்டுகளை வீடியோக்காரர் என் போனுக்கு அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்து முதலில் அவர் காதில் மிஷினை மாட்டி அந்த மூன்றாவது பாட்டைப் போட்டுப் பார்த்தேன். ஏதோ மசமசவென்று இருக்கிறது, மேளம் மட்டும் தெரிகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பிறகு சமையல் செய்யும்போதெல்லாம் நான் மட்டும் அதைப் போட்டுக் கேட்டேன். இந்த வயதில் ஒரு பாட்டை மனப்பாடம் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. குழம்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது. கடைசியில் முழுப் பாட்டும் வந்துவிட்டது.

வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தறிப்பட்டறையில் யாரும் கத்திப் பேசுவதில்லை. கத்தினாலும் கேட்காது. சத்தமே போடாமல் உதட்டை மட்டும் நன்றாக அசைத்துப் பேசுவோம். பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் புரியும். அரிசி வாங்க வேண்டும் என்பதும், மகளுக்குக் காய்ச்சல் என்பதும் அப்படித்தான் சொன்னோம். நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி ஒரு சத்தமும் இல்லாமல் போட்டவை. தறி நின்ற பிறகு அந்தப் பேச்சையும் விட்டுவிட்டோம். அதை எதற்காக விட்டோம் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு மத்தியானம் அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பாட்டை ஒவ்வொரு அடியாக உதட்டில் சொன்னேன். முதலில் பைத்தியமா என்பதுபோலப் பார்த்தார். பிறகு அவருடைய உதடும் அசைய ஆரம்பித்தது. நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். தாளத்தை அவர் முழங்காலில் தட்டிக் காட்டினேன். புல்லாங்குழல் வருகிற இடத்தில் காற்றைக் கையால் வரைந்து காட்டி, இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்றேன். மறுநாளும் சொன்னேன், அதற்கு மறுநாளும். பாட்டுக் கற்றுக்கொள்கிற வயதா இது என்று முனகிக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தார், ஆனால் நான் கூப்பிடுவதற்கு முன்பே நாற்காலியை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் அவரே மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு போனைப் போடச் சொன்னார். போட்டேன். பாட்டு நேராக அவர் காதுக்குள் போய்விட்டதால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் நூல் வண்டி போகிற சத்தம்தான் கேட்டது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. திடீரென்று உதடு அசைந்தது. முதல் அடி. இரண்டாம் அடி. நான் என் மனதுக்குள் பாடிக்கொண்டே அவர் உதட்டைப் படித்தேன். புல்லாங்குழல் வருகிற இடத்தில் உதட்டை மூடிக்கொண்டார். நானும் என் மனதுக்குள் புல்லாங்குழலை ஊதிக்கொண்டு காத்திருந்தேன். அது முடிந்தவுடன், ஒரு நொடி முன்னும் இல்லை பின்னும் இல்லை, அடுத்த அடியை எடுத்தார்.

கேட்கிறது. அவருக்குக் கேட்கிறது. இந்த வீட்டில் ஒருவரும் கேட்டிராத பாட்டு, அழிந்துகொண்டிருக்கிற ஒரு காதுக்குள் போய் நுழைந்துவிட்டது. பெரிய பெரிய அதிசயங்களைப் பற்றியெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான். பாட்டு முடிந்ததும் அவர் மிஷினைக் கழற்றாமல் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மறுபடி போடச் சொன்னார்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், அலமாரியைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து லுங்கியில் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சேலத்துக்குக் கொண்டுபோய் ஏற்ற வேண்டுமாம். தட்டுகளை யாருக்கும் கொடுக்கப் போவதில்லையாம், ஏற்றியதும் திரும்பக் கொண்டுவந்து அதே அலமாரியில் வைக்க வேண்டுமாம். அந்த மூட்டைகளைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது. ஒவ்வொரு தட்டிலும் யாரும் கேட்காத பாட்டுகள். அத்தனையையும் நான் மனப்பாடம் செய்தால்தானே அவர் கேட்க முடியும்? அதற்குள் டாக்டர் சொன்னது நடந்துவிட்டால்? மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் அவர் எதிரே போய் நின்று கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, நான் அத்தனையும் படிக்கறதுக்குள்ள காது முழுசாப் போயிருச்சுன்னா என்னுங்க பண்றது?"

அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"போனாப் போகுது. உன்ற வாய் இருக்குதல்ல."

நாற்பது வருஷத்துக் குடித்தனத்தில் என் வாயைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.